சேதாரத்தில் பேசுங்கள், கீரையில் விடுங்கள்: பேரம் பேச 17 குறிப்புகள்

கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் நிற்கிறோம். அதே நாம் நகைக் கடையில் "சேதாரம் 14 சதவீதம்" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். ஏசி, கையில் கொடுத்த குளிர்பானம், சீருடை போட்ட விற்பனையாளர் எல்லாமாகச் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகின்றன. குடும்பப் பணம் அதிகமாகக் கரைவது இப்படிப்பட்ட இடங்களில்தான். அங்கே பேசப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள். வாய்ச் சாமர்த்தியம் இல்லாதவர்களும், கடையில் குரல் எழும்பாதவர்களும் தாராளமாகச் செய்யலாம். வேலையில் பாதி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிடும்.

1. பேசக்கூடிய கடையையும் பேசிப் பயனில்லாத கடையையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள்; அங்கே பேரத்துக்கு வேலை இல்லை. கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி எவ்வளவு என்பது மேலிருந்து அறிவிக்கப்படுவது. கவுன்டரில் நிற்பவரால் தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்ணிடம் பேசுவதும் வீண். விலையை வாயால் சொல்கிற கடை, சீட்டில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிற கடை, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடை ஆகியவற்றில் பேசலாம். பாத்திரம், பீரோ, கட்டில், மெத்தை, மிக்ஸி, கிரைண்டர், மின்சாமான், ஹார்டுவேர், நகை எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

2. எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை.

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. "கூலிங் சார்ஜ்" என்று குளிர்பானத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்பதும் இதில் அடங்கும். குறைத்து விற்க எந்தத் தடையும் கிடையாது. மிக்ஸி, மின்விசிறி, பிரஷர் குக்கர் போன்றவற்றின் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரரின் அடக்க விலைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருப்பது வழக்கம். "எம்.ஆர்.பி.யில எவ்வளவு கழிச்சுத் தருவீங்க?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். கடைக்காரர் தினமும் காதில் வாங்கும் கேள்விதான்.

3. நகைக் கடையில் சேதாரச் சதவீதத்தைக் கிராமாக மாற்றிப் பாருங்கள்.

தங்கத்தின் கிராம் விலையைப் பேசிக் குறைக்க முடியாது. ஊருக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே விலைதான். பேச இடமிருப்பது சேதாரத்திலும் செய்கூலியிலும்தான். மூன்று பவுன், அதாவது 24 கிராம் சங்கிலி ஒன்று எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சேதாரம் 14 சதவீதம் என்றால் 3.36 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதுவே 10 சதவீதம் என்றால் 2.4 கிராம். வித்தியாசம் 0.96 கிராம். நாலு சதவீதம் என்று காதில் விழும்போது சின்னதாகத் தெரிவது, முக்காலே மூணு வீசம் ஒரு கிராம் தங்கம்! அந்தத் தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனியாகச் சேரும். அன்றைய கிராம் விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், எத்தனை மாதக் காய்கறிச் செலவு என்று தெரியும்.

எனவே சதவீதத்தில் பேசாதீர்கள். "இந்தச் சங்கிலிக்கு மூணு கிராமுக்கு மேல சேதாரம் போடுறீங்க, மெஷின் கட்டிங் சங்கிலிதானே இது?" என்று கேளுங்கள். மெஷினில் செய்த சாதாரணச் சங்கிலிக்கும் வளையலுக்கும் கைவேலை அதிகமுள்ள கோயில் நகைக்கும் ஒரே அளவு சேதாரம் போடுவதில் நியாயம் இல்லை. கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். "சேதாரமே இல்லை" என்று விளம்பரம் செய்யும் கடையில் கல்லுக்கு என்ன விலை போடுகிறார்கள், கிராமுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று இரண்டையும் கேளுங்கள்.

பேரம் படிந்தாலும் ஹால்மார்க்கில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

4. மூன்று எண்களை எழுதிக்கொண்டு கிளம்புங்கள்.

ஒன்று, நீங்கள் முதலில் கேட்கப்போகும் விலை. இரண்டாவது, இதற்குக் கிடைத்தால் சந்தோஷம் என்று நினைக்கும் விலை. மூன்றாவது, இதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏற மாட்டேன் என்ற விலை. கைபேசியில் குறித்து வைத்தால் போதும். கடைக்குள் போனபிறகு மனசு மாறும். நிறம் பிடித்துவிடும், பிள்ளை ஆசைப்படும், கூட வந்த நாத்தனார் "எடுத்துடுங்க அண்ணி" என்பார். எழுதி வைத்த மூன்றாவது எண்தான் அப்போது கையைப் பிடித்து நிறுத்தும்.

இந்த எண்களைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. இணையத்தில் அதே மாடல் என்ன விலை, பக்கத்துத் தெருக் கடையில் என்ன விலை, போன மாதம் வாங்கிய உறவினர் என்ன கொடுத்தார் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். "பாதி விலைக்குக் கேள்" என்று பெரியவர்கள் சொல்லும் யோசனை நடைபாதைக் கடைக்கும் சுற்றுலாத் தலத்துக்கும் வேண்டுமானால் பொருந்தும். மிக்ஸிக் கடையில் பாதி விலைக்குக் கேட்டால், இவருக்கு விலையே தெரியவில்லை என்று கடைக்காரர் முடிவு கட்டிவிடுவார்.

5. இன்னொரு கடை கைவசம் இருக்கட்டும்.

ஹார்வர்டில் பேச்சுவார்த்தைக் கலையை ஆராய்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல் வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்' புத்தகத்தில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள்: இந்தப் பேச்சு முறிந்தால் உங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. நம் ஊர்த் தாய்மார்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. "வேணாம்னா விடுங்க, அடுத்த கடையில பாத்துக்கறேன்" என்று எழுந்திருப்பதன் பின்னால் இருப்பதும் இதே கணக்கு. ஆனால் அடுத்த கடையில் நிஜமாகவே விலை கேட்டு வைத்திருக்க வேண்டும். சும்மா எழுந்திருப்பவரைக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். விலை விசாரித்துவிட்டு வந்தவருக்குக் குரலிலேயே ஒரு நிதானம் இருக்கும்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், கோடவுன் தெரு என்று ஒரே சரக்குள்ள கடைகள் வரிசையாக இருக்கும் இடங்களில் இது இன்னும் சுலபம். முதல் கடையில் வாங்காதீர்கள். மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள்.

6. முதலில் காதில் விழும் விலை உங்களை இழுக்கும்; இடம் கொடுக்காதீர்கள்.

ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் எண் சக்கரத்தைச் சுழற்றி, அது 10-லோ 65-லோ நிற்கும்படி செய்துவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்ததைப் பார்த்தவர்களின் நடுத்தரப் பதில் 25. 65-ஐப் பார்த்தவர்களின் பதில் 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தும் எண் இழுத்துவிட்டது.

கடைக்காரர் 3,000 ரூபாய் என்று ஆரம்பித்தால் நம் மனம் 2,500-ஐச் சுற்றியே அலைவதும் இப்படித்தான். அந்தப் பொருளின் நியாயமான விலை 1,400-ஆகக்கூட இருக்கலாம். அதனால் சந்தை விலை உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "இந்த மாடல் 1,350-க்குக் கிடைக்குது, உங்ககிட்ட என்ன விலைக்கு வரும்?" தெரியாவிட்டால் வாயைத் திறக்காமல் அவரைச் சொல்லவிட்டு, அவர் சொன்ன எண்ணைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உங்கள் குறிப்பில் இருக்கும் முதல் எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். முழு ஆயிரமாகவோ ஐந்நூறாகவோ கேட்பதைவிட 1,350, 1,420 என்று கேளுங்கள். விசாரித்துக் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார் என்று எதிராளிக்குப் புரியும்.

7. விலை எவ்வளவு இறங்குகிறது என்பதோடு, எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஸ்டீல் பீரோ வாங்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

"அண்ணே, இந்த ரெண்டு கதவு பீரோ என்ன விலை?"

"பதினாறாயிரத்து ஐந்நூறும்மா. லாக்கர் இருக்கு, கண்ணாடி இருக்கு."

"தகடு எத்தனை கேஜ்?"

"இருபத்திரண்டு."

"பக்கத்துல இருபது கேஜே பதினஞ்சுக்குச் சொல்றாங்கண்ணே. நான் பதிமூணு எட்நூறு வச்சிருக்கேன்."

"கட்டுப்படியாகாதும்மா. சரி, பதினஞ்சாயிரம் குடுங்க."

"பதிமூணு எட்நூறுதாண்ணே."

"பதினாலு நானூறு. அதுக்குக் கீழ அசலே வராது."

"பதினாலாயிரம்."

"பதினாலு இருநூறு போட்டுக்கறேன், எடுத்துட்டுப் போங்க."

முதல் தடவை 1,500 இறங்கினார், அடுத்து 600, அதற்கடுத்து 200. இப்படிச் சுருங்கிக்கொண்டே வந்தால் அடிமட்டம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்கு மேல் பணத்தில் பிடித்து இழுப்பதில் லாபம் இல்லை. வண்டி வாடகைக்கும் மாடி ஏற்றும் கூலிக்கும் பேச்சைத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் 1,500, 1,500 என்று ஒரே அளவாக இறங்கினால் இன்னும் இடம் இருக்கிறது. உங்கள் பக்கத்திலும் இதே விதிதான். ஒரேயடியாக ஏறாதீர்கள், ஏற்றம் தடவைக்குத் தடவை சின்னதாகட்டும்.

அந்தப் பெண் கேட்ட கேஜ் கேள்வியைக் கவனித்தீர்களா? கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனம் கூடும். 22-ஐவிட 20 கனம். பொருளைப் பற்றி ஒரு விவரம் தெரிந்து கேட்டாலே கடைக்காரர் நம்மிடம் பேசும் விதம் மாறிவிடும். கிரைண்டரில் கல்லின் அளவும் மோட்டார் உத்தரவாதமும், மெத்தையில் அடர்த்தி, மின்விசிறியில் வாட்ஸ் என்று பொருளுக்கு ஒரு கேள்வியாவது தெரிந்துகொண்டு போங்கள்.

8. கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள்.

விலையைக் கேட்ட கையோடு நாமே "இல்ல, ஒரு நூறு கூடப் போட்டுக்கோங்க" என்று இழுப்பது பலருக்கும் பழக்கம். கேட்டபிறகு பேசுவது எதிரில் இருப்பவரின் முறை. பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், போதும்.

9. புதுசின் விலையை முடித்துவிட்டுப் பழசை வெளியே எடுங்கள்.

பழைய பித்தளை அண்டாவைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கும்போதும், பழைய வாஷிங் மெஷினை எக்ஸ்சேஞ்சில் போடும்போதும், பழைய தங்கத்தை மாற்றும்போதும் இதை மறக்கவே கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழசுக்கு நல்ல விலை போடுவதுபோலப் போட்டுவிட்டுப் புதுசில் ஏற்றிவிட முடியும். நமக்குக் கடைசியில் கொடுக்கப்போகும் வித்தியாசத் தொகை மட்டும்தான் தெரியும். "புதுசு ரொக்கத்துக்கு என்ன விலை?" என்று கேட்டு, பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு, "பழசு ஒண்ணு இருக்கு, கிலோ என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று தொடங்குங்கள். பாத்திரம் என்றால் வீட்டிலேயே எடை போட்டுவிட்டுப் போங்கள். பிடி, ஆணி, ஈயம் என்று கழிவு போடுவார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதும் பேசக்கூடியதே. பழைய இரும்புக் கடையில் பித்தளை அன்று கிலோ என்ன விலை என்று கேட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

10. குறைக்க அதிகாரம் உள்ளவரிடம் பேசுங்கள்.

சாமான் எடுத்துக் காட்டும் பையனிடம் பேரம் பேசி அவனைத் திணற அடிக்க வேண்டாம். அவன் கையில் ஒன்றும் கிடையாது. பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு நேராகக் கல்லாவுக்கு வாருங்கள். சில கடைகளில் விற்பனையாளர், "முதலாளியைக் கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போய்விட்டு வந்து, "முடியாதுன்னுட்டாரு" என்பார். அதே உத்தியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று வெளியே வந்து கணவருக்கோ மாமியாருக்கோ போன் போடுங்கள். அந்த இரண்டு நிமிட அவகாசத்தில் நமக்கும் தலை தெளியும்.

11. பணம் இறங்காவிட்டால் வேறு எதையாவது கேளுங்கள்.

காய்கறி வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்கிற பழக்கம் நம் ரத்தத்திலேயே ஊறியது. அதைப் பெரிய கடையிலும் கேட்கலாம். ஏசி வாங்கினால் ஸ்டாண்டு, கூடுதல் செம்புக் குழாய், பொருத்தும் கூலி. மெத்தை வாங்கினால் தலையணை. கிரைண்டருக்குத் தேங்காய்த் துருவி. பணத்தில் 300 ரூபாய் குறைக்க மாட்டேன் என்பவர், 500 ரூபாய்ப் பொருளைக் கொடுக்கத் தயாராக இருப்பார். அவருக்கு அதன் அடக்கம் குறைவு.

அரிசிக் கடையில் நான் பெரிதாக மதிப்பது திருப்பி எடுத்துக்கொள்ளும் வாக்குறுதியைத்தான். "முதல்ல ஒரு கிலோ குடுங்க, வடிச்சுப் பாத்துட்டு மூட்டையா எடுக்கறேன், சாதம் குழைஞ்சா மாத்தித் தரணும்" என்று பேசிக்கொள்ளுங்கள். மூட்டைக்கு இருபது ரூபாய் குறைவதைவிட இது பெரிய லாபம். இன்னொன்று: 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்தன. ஒரு கடையில் 25, இன்னொன்றில் 26 என்றால் மூட்டை விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. கிலோ விலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

12. நாள் பார்த்துப் போங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. நகை, பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாவற்றுக்கும் கூட்டம் குறையும். கடைக்காரருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியிலேயே சீர்ச்சாமான் பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள். அட்சய திருதியை அன்று முண்டியடித்துக்கொண்டு நகைக் கடையில் நின்றால் சேதாரத்தைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. மின்சாமான் கடைகளில் மாதக் கடைசியில் விற்பனை இலக்கை எட்டும் அவசரம் இருப்பதுண்டு. ஃப்ரிட்ஜ், ஏசியில் ஸ்டார் லேபிளில் ஆண்டு போட்டிருக்கும். போன ஆண்டுச் சரக்கு என்றால் அதைக் காட்டிப் பேசலாம்.

மல்லிகைப்பூ மார்கழி, தைக் குளிரில் வரத்துக் குறைந்து யானை விலை விற்கும். முகூர்த்த நாள் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது பூக்காரரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை, அவரே அந்த விலைக்குத்தான் வாங்கி வந்திருப்பார். மீனும் அப்படித்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, விலை ஏறும். அந்த நாட்களில் வளர்ப்பு மீனுக்கு மாறிக்கொள்வது நல்லது.

காலையில் கடை திறந்ததும் போனால் போணிக்காகக் குறைத்துத் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்த நேரத்தில் போய் விலை கேளுங்கள். முதல் ஆளாகப் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது அவருக்கு அன்று முழுக்க உறுத்தும்.

13. விலை குறைந்ததும் அளவைப் பாருங்கள்.

மீன் கடையில் வெட்டிச் சுத்தம் செய்வதற்கு முன் எடை போடுகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். வெட்டுக்கூலி சேர்த்தா, சேர்க்காமலா என்று முன்கூட்டியே கேளுங்கள். மின்னணுத் தராசில் தட்டு வைத்தபின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தத் தராசுகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியோடு எடை போட்டால், பெட்டியைக் கழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

14. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பதற்கு மசியாதீர்கள்.

பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி கேட்பது கஷ்டம், பழுதானால் நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பதும் கஷ்டம். சில நூறு ரூபாய்க்காக நம் கையில் இருக்கும் ஒரே பிடிமானத்தை விடுவது தப்புக் கணக்கு. தவணை விஷயத்திலும் கவனம் தேவை. வட்டியே இல்லாத தவணை என்ற ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. அந்த வட்டி, உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிக்குள்ளோ செயலாக்கக் கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். "மொத்தமா இப்பவே கட்டினா என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். தவணை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்கும் வட்டி.

15. கூடையில் விற்பவர்களிடம் பேசாதீர்கள்.

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த கடன் திட்டத்தில் முதல் கடனாகக் கொடுத்த தொகை 10,000 ரூபாய். ஒருவர் தொழிலைத் தூக்கி நிறுத்த அது போதும் என்றால், அவர் முதல் எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த முதலையும் தண்டலுக்கு வாங்கி, விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, வெயிலில் உட்கார்ந்து விற்று, மாலையில் வட்டியோடு கட்டுபவர்கள் ஏராளம். மீந்த கீரையை நாளைக்கு விற்க முடியாது. கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் அன்றைய கூலியில் கைவைக்கிறோம். பொருள் வாடியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நல்லதாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுங்கள். நாள் தவறாமல் வாங்கும் வீட்டுக்கு அவர்களே பார்த்து ஒரு கைப்பிடி கூடப் போடுவார்கள்.

16. கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டால் வாங்கியே ஆக வேண்டும்.

"ஆயிரத்து இருநூறுக்குத் தருவீங்களா?" என்று கேட்டு, அவர் "சரி, எடுத்துக்கோங்க" என்ற பிறகு "பாத்துட்டு வர்றேன்" என்று நழுவுவது பண்பில்லை. நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எழுத்தும் கிடையாது. ஆனாலும் விரலால் சொன்ன விலையிலிருந்து யாரும் பின்வாங்குவதில்லை. வாங்குவதாக இருந்தால் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "சும்மா விலை விசாரிக்க வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

அதேபோலப் பொருளை மட்டம் தட்டிப் பேசுவதும் வேண்டாம். "இதெல்லாம் ஒரு துணியா" என்று தூக்கிப் போட்டால் அவருக்குக் குறைக்க மனம் வருமா? "சேலை நல்லா இருக்கு அண்ணாச்சி, விலைதான் எங்களுக்குக் கொஞ்சம் எட்டல" என்றால் அவர் உங்களுக்காக யோசிப்பார். உண்மையான குறை இருந்தால், நூல் இழுத்திருக்கிறது, விளிம்பில் நெளிவு இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அது பேரத்துக்கு நியாயமான காரணம்.

17. பணம் கொடுக்கும் முன் பேசியதை எல்லாம் பில்லில் ஏற்றுங்கள்.

மாடல் எண், இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருட்கள், டெலிவரி நாள், மாற்றித் தரும் காலம் எல்லாம் பில்லிலேயே எழுதப்பட வேண்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம், நான் இருக்கேன்ல" என்று சொன்னவர் அடுத்த வாரம் லீவில் இருக்கக்கூடும். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம்; பில் தர மறுப்பதும் அதே கணக்குதான். கடைக்காரரோடு பேசிப் பார்த்தும் வழிக்கு வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். பில்லைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.